சாப்பாட்டுப் போட்டி: எண்ணிக்கை போய் கடிகாரம் வந்த கதை

பொங்கல் முடிந்த கையோடு புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் மைக் செட் கட்டி விளையாட்டு விழா நடத்துவார்கள். கோலப் போட்டி, சாக்கு ஓட்டம், இசை நாற்காலி, உறியடி, வழுக்கு மரம், மெதுவாக சைக்கிள் ஓட்டுவது என்று பட்டியல் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சின்னப் பிள்ளைகளுக்குக் கயிற்றில் பன்னைக் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிக்கச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு இட்லி, வாழைப்பழம், பரோட்டா. கையில் கொஞ்சம் காசு சேர்ந்த இளைஞர் மன்றம் என்றால் ஐஸ்கிரீம். பரிசு பெரும்பாலும் எவர்சில்வர் பாத்திரம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடம்.

விழாவிலேயே அதிகம் சிரிப்பு வருவது இந்தச் சாப்பாட்டுப் போட்டிக்குத்தான். ஆனால் 2010களின் பிற்பகுதியில் ஒரு பொங்கல் விழாவின்போது, ஆலங்குடிப் பக்கம் இட்லி சாப்பிடும் போட்டியில் கலந்துகொண்ட ஒருவர் தொண்டையில் இட்லி சிக்கி இறந்துபோனார். காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் நம்பிக் கொடுக்கிற பண்டம் இட்லி. அதைத் தின்று ஒரு நல்ல ஆள் எப்படிச் சாக முடியும்?

இதற்குப் பதில் இட்லியில் இல்லை. போட்டியின் விதியில் இருக்கிறது. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கதை நியூயார்க் வரை போகிறது.

முதலில் நம்ம ஊர் சமாச்சாரம். நிறையச் சாப்பிடுகிறவனை வேடிக்கை பார்ப்பது நமக்குப் புதிதில்லை. பகாசுரனுக்குக் கொண்டுபோன வண்டிச் சோற்றை பீமன் அவன் கண் முன்னாலேயே உட்கார்ந்து தின்ற கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? 1957-இல் வந்த 'மாயா பஜார்' படத்தில் கடோத்கஜனாக வந்த ரங்காராவ் கல்யாண விருந்தை ஒரே ஆளாகக் காலி செய்வதை இன்றைக்கும் டிவியில் போட்டால் வீடே உட்கார்ந்து பார்க்கிறது. 'சாப்பாட்டு ராமன்' என்பது திட்டு மாதிரியும் இருக்கும், செல்லம் மாதிரியும் இருக்கும்.

இந்த மாவட்டத்துக்கே உரிய இன்னொன்று மொய் விருந்து. ஆடி, ஆவணி மாதங்களில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அப்படியே எல்லை தாண்டித் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி வரை பந்தல் பந்தலாக நடக்கும். (தெரியாதவர்களுக்கு: பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவார். வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். கிட்டத்தட்ட ஊரே நடத்தும் வங்கி.) அங்கே இலையில் கறியும் சோறும் வந்துகொண்டே இருக்கும். போதும் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். யார் அதிகம் சாப்பிட்டார் என்ற பேச்சும் நடக்கும். ஆனால் யாரும் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

டீக்கடைப் பந்தயமும் அதே ரகம்தான். "இருபது வடை தின்னுடுவியாடா?" "தின்னா என்ன தருவ?" அங்கே கேள்வி எத்தனை என்பதுதான், எத்தனை நிமிடத்தில் என்பது கிடையாது. 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடிக்குழு' பரோட்டா காட்சியை நினைத்துப் பாருங்கள். ஐம்பது பரோட்டா என்பதுதான் பந்தயம். கணக்கில் தகராறு வந்ததும் சூரி கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடத் தயாராகிறார். கடைக்காரர் முகம் போகிற போக்குதான் காமெடி. அந்தப் பந்தயத்தில் நேரக்கெடு ஒன்று இருந்திருந்தால் காமெடியே கிடையாது, சூரி தோற்றிருப்பார். அந்த ஒரு காட்சியால் அவருக்கு 'பரோட்டா சூரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சரி, கடிகாரம் எப்போது வந்தது?

உலகத்திலேயே பெயர்பெற்ற சாப்பாட்டுப் போட்டி, நியூயார்க்கின் கோனி தீவில் நேத்தன்ஸ் என்ற கடை வருடா வருடம் ஜூலை 4 அன்று நடத்துவது. பண்டம் ஹாட் டாக், அதாவது நீள பன்னுக்குள் வைத்த இறைச்சிக் குழல். 1916-இல் நான்கு குடியேறிகள் தங்களில் யாருக்கு அமெரிக்கப் பற்று அதிகம் என்று பார்க்க ஹாட் டாக் தின்று போட்டி போட்டார்கள், அதிலிருந்து ஆரம்பித்தது என்று ரொம்ப வருடம் கதை சொன்னார்கள். கடைக்கு விளம்பரம் பார்த்த மார்ட்டிமர் மாட்ஸ் என்பவர் 2010-இல் உண்மையைப் போட்டு உடைத்தார். அது அவர்களே கட்டிவிட்ட கதையாம்! நம்பகமான பதிவுகள் 1972-இலிருந்துதான் கிடைக்கின்றன. ஆக, ஒரு விளம்பரத் தந்திரம் தலபுராணத்தோடு சேர்ந்து பாரம்பரியம் ஆகிவிட்டது. (நமக்கும் இது பழக்கமில்லாத விஷயம் இல்லை.)

1997-இல் ஷே என்ற அண்ணன் தம்பி இருவர் இதற்கென்று ஒரு கூட்டமைப்பே தொடங்கினார்கள். 2001-இல் ஜப்பானிலிருந்து தகேரு கோபயாஷி என்ற ஒல்லியான இளைஞர் வந்தார். எடை 60 கிலோ அளவுதான். அதுவரை சாதனை 25 ஹாட் டாக் சொச்சம். அவர் 12 நிமிடத்தில் 50 தின்றார். எண் எழுதிக் காட்டும் அட்டைகள் தீர்ந்துபோய்க் கையால் எழுதிக் காட்டினார்களாம். இறைச்சியை இரண்டாக உடைப்பது, பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவது எல்லாம் அவர் கொண்டுவந்த நுட்பம். அன்றோடு இது 'வயிறு பெரியவன்' போட்டி என்பது மாறி, வேகப் போட்டி ஆனது. 2008-இல் நேரம் 10 நிமிடமாகக் குறைந்தது. 2021-இல் ஜோயி செஸ்ட்நட் அந்தப் பத்து நிமிடத்தில் 76 தின்றார். அதாவது எட்டு விநாடிக்கு ஒன்று!

இதே ஜப்பானில் டிவி சேனல்கள் வேகமாகத் தின்னும் போட்டிகளை ஓட்டி நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தன. 2002-இல் அய்ச்சி மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவன் மதிய உணவு ரொட்டியை நண்பர்களோடு அதே மாதிரி விழுங்கிப் பார்த்தபோது தொண்டை அடைத்து இறந்தான். சில காலம் அந்த நிகழ்ச்சிகளை நிறுத்தி வைத்தார்கள். பிறகு மறுபடி வந்தன.

இனி ஐஸ்கிரீம். சென்னை கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கிற கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் ஹவுஸ். ஃபிரெடெரிக் டூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்தில் ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அடுத்த பத்து வருடத்துக்குள் சென்னைக்கும் வந்தது, அதைச் சேர்த்து வைக்கக் கட்டியதுதான் அந்த வட்டமான கட்டடம். அப்போது ஐஸ் என்பது வெள்ளைக்காரர்களும் பணக்காரர்களும் மட்டும் தொட்டுப் பார்த்த பொருள். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பெட்டி கட்டிய சைக்கிளில் குச்சி ஐஸ், சேமியா ஐஸ் எல்லாம் கிராமத்துக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. 1970-இல் ராயபுரத்தில் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாய் முதலில் ஆரம்பித்த சின்னப் பட்டறைதான் பிற்பாடு அருண் ஐஸ்கிரீம் ஆகி, சின்ன ஊர்களுக்கெல்லாம் கப் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனது. திருவிழாவில் ஒரு கப் வாங்கி, தீர்ந்துவிடக் கூடாதே என்று மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்ட பண்டம், போட்டி மேசைக்கு வந்ததே ஒரு பெரிய பயணம்தான்.

ஐஸ்கிரீம் போட்டியின் சாதனைகளைப் பார்த்தால் தலை சுற்றும். 'குக்கி' ஜார்விஸ் என்பவர் 12 நிமிடத்தில் ஒரு காலன் 9 அவுன்ஸ் வெனிலா தின்றார். நம் கணக்கில் சுமார் 4 லிட்டர். 2017-இல் இந்தியானா மாநிலச் சந்தையில் மிகி சூடோ என்ற பெண் 6 நிமிடத்தில் 16.5 பைண்ட், அதாவது 7.8 லிட்டர் வெனிலாவை முடித்தார். ஐஸ்கிரீமில் பாதி காற்றுதானே என்று கேட்கலாம். இந்திய விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்சக் கணக்கைப் போட்டாலும் 4 கிலோவுக்கு மேல் வருகிறது. ஆறே நிமிடத்தில்!

ஐஸ்கிரீம் வாயிலேயே உருகிவிடும். இட்லி மாதிரி அடைத்துக்கொள்ளாது. அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் அதற்கு வேறு ஒரு காவல்காரன் உண்டு. அவசரமாக விழுங்கினால் நெற்றிப்பொட்டில் சுரீர் என்று ஒரு வலி வருமே, அதுதான். மேல் அண்ணத்தில் குளிர் பட்டதும் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கி விரிகின்றன, அந்த வலியை மூளை நெற்றியில் வருவதாக எடுத்துக்கொள்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் பள்ளி மாணவி என்பதுதான் சுவாரசியம். கனடாவின் ஹாமில்டன் நகரில் மாயா கசொரோவ்ஸ்கி என்ற சிறுமி, தன் அப்பாவோடு சேர்ந்து பள்ளி மாணவர்கள் 145 பேருக்கு ஆளுக்கு 100 மில்லி ஐஸ்கிரீம் கொடுத்தார். ஒரு பாதிப் பேர் ஐந்து விநாடிக்குள் முடிக்க வேண்டும். மறு பாதிப் பேர் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டவர்களில் 27 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது. நிதானமாகச் சாப்பிட்டவர்களில் 13 சதவீதம். 2002 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலிலேயே இது வெளியானது. (இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க எந்தப் பள்ளியிலும் சிரமம் இருக்காது.) கவனியுங்கள், இரண்டு குழுவுக்கும் கொடுத்தது அதே ஐஸ்கிரீம், அதே அளவு. மாற்றியது நேரத்தை மட்டும்தான்.

வயிற்றுக்கு என்ன ஆகிறது என்று 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். நல்ல பசிக்காரரான ஒரு சாதாரண ஆள் 7 ஹாட் டாக்கோடு போதும் என்றார். போட்டிக்காரர் பத்து நிமிடத்தில் 36 தின்றார், அவருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. அவருடைய இரைப்பை உணவை அரைத்துத் தள்ளும் வேலையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, பெரிய பை மாதிரி விரிந்து கிடந்தது. பல வருடம் இப்படிப் பழகினால் இரைப்பை திரும்பச் சுருங்காமலே போகக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

இதெல்லாம் பழகின ஆட்களுக்கு. பழகாத ஆள் விழா மேடையில் திடீரென்று உட்கார்ந்தால் ஆபத்து வயிற்றில் இல்லை, தொண்டையில். விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாசல் மூடிக்கொள்ளும், மூச்சு விடும்போது திறக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது. வாய் நிறைய அடைத்துக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்கள் கத்துகிற கத்தலில் சிரித்தோ மூச்சு வாங்கியோ விட்டால் போச்சு. 2024 செப்டம்பர் 14 அன்று, நம் எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டம் வாளையாறில் ஓண விழா இட்லிப் போட்டியில் நடந்ததும் இதுதான். லாரி ஓட்டுநர் ஒருவர் சட்னி, குழம்பு எதுவும் இல்லாமல் மூன்று இட்லியை ஒன்றாக வாயில் திணித்தார். மூச்சு முட்டியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அதே மூன்று இட்லியைத்தான் அவர் தினமும் காலையில் தின்றுவிட்டு லாரி எடுத்திருப்பார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆகஸ்ட் மாதக் கடைசியில், கோயம்புத்தூர் ரயில் நிலையம் பக்கத்தில் ரயில் பெட்டியை உணவகமாக்கிய ஒரு கடையில் அரை மணி நேரத்தில் ஆறு பிரியாணி தின்றால் ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். கூட்டம் அலைமோதியது. மாற்றுத்திறனாளி மகனின் செலவுக்காக வந்து உட்கார்ந்த ஒரு அப்பாவும் அதில் இருந்தார். எவர்சில்வர் பாத்திரத்துக்காகத் தின்பவனைப் போதும் என்று சொல்லி எழுப்பிவிடலாம். லட்ச ரூபாய்க்காக உட்கார்ந்தவனை யார் எழுப்புவது?

புதுக்கோட்டைக்காரர்கள் சாப்பாட்டை வேடிக்கை ஆக்கியதில் உலகப் புகழ் பெற்றது வேறு வழியில். சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் ஆரம்பித்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் யூடியூப் சேனல் அது. அண்டா அண்டாவாகச் சமைப்பார்கள், தாங்களும் சாப்பிட்டு முதியோர் இல்லங்களுக்கும் கொடுப்பார்கள். அதிலும் அளவுதான் கவர்ச்சி, நேரம் கிடையாது. கிட்டத்தட்ட மொய் விருந்துப் பந்தலைக் கேமராவுக்கு முன்னால் போட்ட மாதிரி.

அமெரிக்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை, பக்கத்தில் முதலுதவி ஆட்கள் நிற்க வேண்டும். நாம் கடிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டோம். தொண்டை அடைத்தவரை முன்பக்கம் குனியவைத்து, முதுகில் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு பலமாகத் தட்டுவது. வெளியே வராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துவது. இரண்டாவது முறையை ஹென்றி ஹைம்லிக் என்ற மருத்துவர் 1974-இல் எழுதி வெளியிட்டார். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் கூட ஆகாது. 108-க்குக் கூப்பிட்டாலும் வண்டி கிராமத்துக்கு வந்து சேரும்வரை மூச்சு காத்திருக்காது. விழாவில் மைக் பிடிக்கிறவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத்தான் போட்டியாளரின் முகம் எல்லாரையும்விடக் கிட்டத்தில் தெரியும்.