நாவின் சாட்சியம்: பழைய மிட்டாயும் மறந்த கரும்பும்

கடந்த பருவத்தில் சமூக வரலாற்றுப் பாடத்தின் ஒரு வகுப்பினைத் தட்டு ஒன்றை முன்வைத்துத் தொடங்கினேன். ஐந்து வகை இனிப்புகள் அதில் இருந்தன: ஒயிட் ரேபிட் எனப்படும் முயல் படம் போட்ட பால் மிட்டாய், சீனத்து ஹாவ் பழத்தில் செய்த புளிப்பு வில்லை, இந்தோனேசிய இஞ்சி மிட்டாய், நாவில் பட்டதும் படபடவென வெடிக்கும் மிட்டாய், கற்கண்டு. மாணவர்கள் முதலில் உறையைப் பார்த்துப் பிரித்துச் சுவைத்தனர். பின்னர்க் கண்ணைக் கட்டிக்கொண்டு அவற்றையே மீண்டும் சுவைத்தனர். இரு முறையும் மதிப்பெண் இட்டனர்.

உறையைக் கண்டு சுவைத்தபோது முயல் மிட்டாய்க்கே பலர் முதலிடம் தந்தனர். ஒருவர் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'பாட்டி வீடு' என்று மட்டும் எழுதியிருந்தார். கண் கட்டப்பட்டதும் அம்மிட்டாய் பின்தங்கியது. இஞ்சி மிட்டாய் முந்திக்கொண்டது. அரிசித்தாள் உதட்டில் ஒட்டிய மாத்திரத்தில் இன்னதென்று கண்டுகொண்ட சிலர் மட்டும் தங்கள் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. கற்கண்டு இரு முறையும் கடைசியாயிற்று. "இது மிட்டாயா ஐயா, கோவிலில் கொடுப்பதல்லவா?" என்று கேட்டார் ஒரு மாணவி.

வகுப்பறை விளையாட்டினை ஆய்வு முடிவாகக் கொள்வதற்கில்லை. எனினும், நாம் 'பழமையின் சுவை' என்று போற்றுவது எதனை என்னும் வினாவை அது எழுப்பியது. நினைவு சார்ந்த சுவை ஒரு வரலாற்றுச் சான்றாகுமா, ஆகுமெனில் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதலாவதாக, பழமை என்பது பெரும்பாலும் முதிர்ந்துபோன புதுமையே. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் வாழ்ந்த நாள்களில், கண்ணாடிச் சாடிகளிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் மிட்டாய்க் கடைகளை விரும்பிப் பார்ப்பேன். அங்கே மிகத் தொன்மையானதாக விற்கப்படும் 'பேர் டிராப்' எனும் மிட்டாயின் மணம் பேரிக்காயிலிருந்து வந்ததன்று. அமைல் அசெட்டேட் என்னும் வேதிப்பொருளிலிருந்து வந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் இத்தகைய செயற்கைப் பழச்சாரங்கள் வேதியியலின் விந்தைகளாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அன்றைய ஆய்வுக்கூடப் புதுமை இன்று பாட்டிகாலத்துப் பண்டமாகிவிட்டது. வெடிக்கும் மிட்டாயும் அவ்வழியிலேயே செல்கிறது. உருகிய சீனிப்பாகினுள் உயரழுத்தத்தில் கரியமில வாயுவை அடைக்கும் அம்முறைக்கு 1961இல் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. 1970களின் நடுவில் அது கடைக்கு வந்தது. என் மாணவர்களுக்கு அது வேடிக்கை. அவர்களுடைய பெற்றோருக்கு அது பள்ளிப்பருவ ஏக்கம்.

இவ்வுண்மையை முயல் மிட்டாயைப் போல் தெளிவாகக் காட்டும் பண்டம் பிறிதொன்றில்லை எனலாம். அது 1943இல் ஷாங்காய் நகரின் ஏபிசி மிட்டாய்த் தொழிற்சாலையில் பிறந்தது. ஆங்கிலேயப் பால் மிட்டாயைச் சுவைத்துப் பார்த்த வணிகர் ஒருவர் அதனைப் போன்றே உள்ளூரில் செய்ய முயன்றதன் விளைவு அது. நகரமோ அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. முதல் உறையில் முயல் இல்லை. சிவப்பு வண்ணத்தில் அமெரிக்க மிக்கி எலிதான் இருந்தது. ஆங்கிலேயச் சுவை, அமெரிக்கப் படம், ஜப்பானிய ஆட்சி, சீனத் தொழிலாளி: இந்நான்கும் கூடிப் பிறந்த பண்டத்தையே இன்று தூய சீன மரபு என்று கொள்கிறோம்.

1950களில் தொழிற்சாலை அரசுடைமையானது. மிக்கி எலி அந்நியர் வழிபாட்டின் சின்னமாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டது. வெள்ளை முயல் அவ்விடத்தில் அமர்ந்தது. 1959இல், மக்கள் குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி அது பரிசுப்பொருளாக வழங்கப்பெற்றது. ஏழு மிட்டாய் ஒரு குவளைப் பாலுக்கு ஈடு என்பது அதன் விளம்பரம். பால் அரிதாயிருந்த சமூகத்தில் அஃது ஒரு வாக்குறுதியாகவே கொள்ளப்பட்டிருக்க வேண்டும். 1972இல் பெய்ஜிங் வந்த அமெரிக்க அதிபர் நிக்சனுக்குச் சூ என்லாய் அம்மிட்டாயைப் பரிசளித்தார். எலியை விரட்டிய முயல், எலியின் தாயகத்துத் தலைவரிடமே தூது சென்றதென நகைச்சுவையாகவும் சொல்லலாம்.

சுவையளவில் அதற்கு நான் உயர்ந்த மதிப்பெண் தரமாட்டேன். தொடக்கத்தில் கட்டையாக இருந்து, பின்னர்க் கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பால்சுவை தாமதமாகவே எட்டிப் பார்க்கிறது. இன்பமெல்லாம் அந்த அரிசித்தாளில்தான் உள்ளது. தின்னக்கூடாதது என்று சிறுவர் நம்பும் தாளைத் தின்னலாம் என்பதில் ஒரு சிறு குற்றத்தின் இன்பம் உண்டு. மிட்டாயில் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் ஜெலட்டினும் சேர்கிறது. சைவ உணவுக் குடும்பத்தில் வளர்ந்த நான் எத்தனை மிட்டாய் தின்றிருப்பேனோ! உறையின் சிற்றெழுத்துகளை அக்காலத்தில் எவரும் படித்ததில்லை.

2008இல் அவ்வுறை உலகெங்கும் படிக்கப்பட்டது. சீனப் பால்பொருள்களில் மெலமைன் கலக்கப்பட்டமை வெளிப்பட்டு, அந்நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். நைட்ரஜன் செறிந்த அப்பொருள், நீர் கலந்த பாலில் புரதம் மிகுந்திருப்பதாகச் சோதனையில் பொய்க்கணக்குக் காட்ட உதவியது. அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் அதிகாரிகள் முயல் மிட்டாயிலும் மெலமைன் இருப்பதைக் கண்டறிந்தனர். ஏழு மிட்டாய்க்கு ஒரு குவளைப் பால் என்ற பழைய வாக்குறுதி இங்ஙனம் கொடிய பொருள் பெற்றது. ஆயினும் ஏக்கம் அதனையும் செரித்துவிட்டது. 2018இல் முயல் மிட்டாய் மணத்தில் உதட்டுக் களிம்பும், 2019இல் நறுமணத் தைலமும் சீனச் சந்தைக்கு வந்தன. புதுமையாகப் பிறந்து பழமையாக முதிர்ந்த மிட்டாய், அப்பழமையையே புதுமையாக்கி விற்றது. என் மாணவருள் எவர்க்கும் 2008 நினைவில் இல்லை. அவர்களுட் பலர் அப்போது பாலர் பருவத்தினர்.

இனி, கடைசி இடம் பெற்ற கற்கண்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'கேண்டி' என வழங்கும் சொல் பிரெஞ்சு, அரபு, பாரசீகம் ஆகியவற்றின் வழியே சமஸ்கிருதக் 'கண்ட' என்னும் சொல்லுக்குச் செல்கிறது. அதற்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்று கருதித் தமிழ்க் 'கண்டு', 'கட்டு' ஆகியவற்றை ஒப்புநோக்குவாரும் உளர். இதனை முடிந்த முடிபாகக் கொண்டு பெருமை பேசுதல் ஆய்வு நெறியன்று. 'குல' என்னும் மலாய்ச் சொல் சமஸ்கிருதக் 'குட'த்திலிருந்து வந்தது என்பதிலோ ஐயமில்லை. 'குல-குல' என்று கடையில் மிட்டாய் கேட்கும் மலேசியச் சிறுவன் அறியாமலே வெல்லத்தின் பழம்பெயரை இருமுறை சொல்கிறான். கரும்பாலையின் புகை தமிழுக்கும் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையிலேயே அது காணப்படுகிறது.

ஆனால் நம் நாட்டில் அப்புகை எழுந்த இடம் வேறு. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், அக்காலத்தில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்றும் இன்று செபராங் பிறை என்றும் வழங்கும் நிலப்பகுதியில், பத்து காவானை மையமாகக் கொண்டு முதலில் சீனர்கள் கரும்பு பயிரிட்டனர். 1840களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். ரப்பர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழகத்திலிருந்து, பெரிதும் நாகப்பட்டினத் துறைமுகம் வழியாக, சஞ்சிக்கூலிகள் இத்தோட்டங்களுக்கு வந்தனர். கப்பற்கட்டணமும் முன்பணமும் அவர்களுடைய கூலியிலிருந்தே பிடிக்கப்பட்டன. வெட்டிய கரும்பு காத்திருக்காது. சாறு கெடுமுன் பிழிந்தாக வேண்டும். ஆகவே அறுவடைக் காலத்தில் வயல் வேலையின் விரைவை ஆலையின் கொப்பரையே விதித்தது. நோயும் சாவும் மிகுந்திருந்தமை அக்கால அரசு ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது. பிரிட்டனிலோ 1874இல் சீனி இறக்குமதி வரி அறவே நீக்கப்பட்டது. நான் வியந்து நின்ற சாடி மிட்டாய்கள் ஏழைச் சிறுவர் கைக்கும் எட்டியது அத்தகைய மலிவினால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனித்தொழில் இங்கே சரிந்தது. நிபோங் திபால் வட்டாரத்துக் கெலடோனியா, பைராம் முதலிய தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. 1910இல் மலாயாவில் சஞ்சி முறை ஒழிக்கப்பட்டது. மலேசியத் தமிழிலக்கியத்தில் ரப்பர் மரத்துக்குக் கிடைத்த இடத்தில் ஒரு சிறு பங்கேனும் கரும்புக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. பால்மரம் வெட்டியவரின் பேரர்கள் எழுதினார்கள். கரும்பு வெட்டியவரின் கொள்ளுப்பேரர்களும் ரப்பரைப் பற்றியே எழுதினார்கள். ஏக்கம் தோன்றுவதற்கு உறை வேண்டும், படம் வேண்டும், கடையில் அப்பண்டம் இன்றும் விற்க வேண்டும். செபராங் பிறைச் சீனிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அது மூட்டையில் பெயரின்றிக் கப்பலேறியது.

வகுப்பின் இறுதியில், குடும்பத்தின் பூர்விகத் தோட்டம் எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கற்கண்டைக் கோவிலுக்கு ஒதுக்கிய மாணவி, கொள்ளுத்தாத்தா காலம் முதல் நிபோங் திபால் என்றார். அந்நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றேன். செம்பனை என்றார். அதற்கு முன்? ரப்பர். ரப்பருக்கு முன்? அவர் தட்டைப் பார்த்தார். பிறகு, பாட்டியிடம் கேட்டு வருவதாகச் சொல்லி, மீந்திருந்த கற்கண்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.