ஏமன்: நேற்றைய நண்பன், இன்றைய எதிரி

2015 ஏப்ரல் மாதம். ஏமன் நாட்டின் ஏடன், ஹொடைதா துறைமுகங்களுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் சென்றன. வானத்தில் சவுதி அரேபியாவின் போர் விமானங்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை. பிழைப்புக்காக அங்கே போயிருந்த நர்சுகளும் தொழிலாளர்களும் கையில் கிடைத்த பையோடு கப்பல் ஏறினார்கள். எதிர்க்கரையில் உள்ள ஜிபூட்டிக்குப் போய், அங்கிருந்து விமானத்தில் கொச்சிக்கும் மும்பைக்கும் வந்து சேர்ந்தார்கள். தலைநகர் சனாவிலிருந்து ஏர் இந்தியா விமானங்களும் ஆட்களை ஏற்றி வந்தன. 'ஆபரேஷன் ராஹத்' என்ற இந்த நடவடிக்கையில் 4,640 இந்தியர்களும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரும் மீட்கப்பட்டார்கள்.

சரி, அங்கே என்ன சண்டை? "ஷியா, சன்னி சண்டை. ஈரான் ஒரு பக்கம், சவுதி ஒரு பக்கம். 1,400 வருடப் பகை" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஏமனின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது.

ஏமன் நமக்கு அந்நிய நாடு இல்லை. ஏடனை 1839-ல் பிடித்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. 1937 வரை அந்த ஊர் பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்தே இருந்தது. அதில் பெரும்பகுதி காலம் பம்பாய் மாகாணத்தின் கீழ். திருபாய் அம்பானி 1950-களில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துத் தொழில் பழகியதும் இதே ஏடனில்தான்.

வடக்கு ஏமன் கதை வேறு. அங்கே ஸைதி என்ற ஷியா பிரிவைச் சேர்ந்த இமாம்கள் ஏறத்தாழ ஆயிரம் வருடம் செல்வாக்கோடு இருந்தார்கள். 1962 செப்டம்பரில் இமாம் அஹ்மத் இறந்தார். மகன் முஹம்மது அல் பத்ர் பதவிக்கு வந்து ஒரே வாரம். செப்டம்பர் 26-ம் தேதி ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்துக் குடியரசு என்று அறிவித்தார்கள். பத்ர் தப்பித்து வடக்கு மலைகளுக்குப் போனார். உள்நாட்டுப் போர் தொடங்கியது.

குடியரசுக்கு ஆதரவாக எகிப்தின் நாசர் படை அனுப்பினார். உச்சகட்டத்தில் சுமார் 70,000 எகிப்திய வீரர்கள் அங்கே இருந்தார்கள். ஷியா இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது யார் தெரியுமா? சன்னி நாடான சவுதி அரேபியா! அதே பக்கம்தான் ஈரானின் ஷாவும் நின்றார். மன்னராட்சிகளுக்கு நாசரின் புரட்சி மீது பயம். அந்தப் பயம்தான் சவுதியையும் ஈரானையும் ஒன்றாக நிற்க வைத்தது. அங்கே மதப் பிரிவை யாரும் பார்க்கவில்லை. 1963-ல் ஐ.நா. அனுப்பிய கண்காணிப்புக் குழுவுக்குச் சில மாதங்கள் தலைமை வகித்தவர் ஓர் இந்தியர், லெப்டினன்ட் ஜெனரல் பி.எஸ். கியானி என்பது குறிப்பிடத்தக்கது.

1967-ல் இஸ்ரேலிடம் தோற்ற பிறகு நாசர் படைகளைத் திரும்ப அழைத்தார். 1970-ல் குடியரசை சவுதியும் ஏற்றுக்கொண்டது. வடக்கும் தெற்கும் 1990-ல் ஒன்றாயின.

இப்போது காட்சி மாறுகிறது. 1979-ல் ஈரானில் ஷா போய் இஸ்லாமியக் குடியரசு வந்தது. சவுதியும் ஈரானும் போட்டியாளர்கள் ஆனார்கள். இமாம்களுக்கு ஆதரவு தந்த அதே வடக்கு மலைகளிலிருந்து ஹூதி இயக்கம் கிளம்பியது. அவர்களும் ஸைதிகள்தான். வறுமை, அரசின் புறக்கணிப்பு, சவுதி மதப் பிரச்சாரத்தின் மீது வெறுப்பு எல்லாம் சேர்ந்த கோபம் அது. அவர்களோடு 2004 முதல் 2010 வரை ஆறு முறை போர் நடத்திய அதிபர் அலி அப்துல்லா சாலேயும் பிறப்பால் ஸைதி! 2011 மக்கள் எழுச்சியால் பதவி இழந்த சாலே, தான் அடித்த ஹூதிகளோடு கைகோர்த்தார். 2014 செப்டம்பரில் சனா அவர்கள் கைக்குப் போனது. 2015 மார்ச் 26-ல் சவுதி கூட்டணி குண்டுவீச்சைத் தொடங்கியது. ஈரான் ஹூதிகளுக்கு உதவியது. 2017 டிசம்பரில் சாலே மறுபடி பக்கம் மாறினார்; சில நாட்களில் ஹூதிகள் அவரைக் கொன்றார்கள்.

மறுபக்கமும் ஒற்றுமையாக இல்லை. 2019-ல் ஐக்கிய அரபு அமீரகம் வளர்த்த தெற்குப் பிரிவினைவாதிகள், சவுதி ஆதரித்த அரசிடமிருந்தே ஏடனைப் பறித்தார்கள். இரண்டு பக்கமும் சன்னிகள்!

ஆக, பகை 1,400 வருடப் பழையது அல்ல. ஆட்சிக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறதோ, அதற்கேற்ப நண்பனும் எதிரியும் மாறுகிறார்கள். மதம் பின்னால் ஒட்டப்படும் லேபிள். 'ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பார்கள். ஏமன் இரண்டு பட்டபோதெல்லாம் வெளியூர்க் கூத்தாடிகள் வந்து சேர்ந்தார்கள்.

2023 மார்ச்சில் சவுதியும் ஈரானும் பெய்ஜிங்கில் சமரசம் செய்து, தூதரகங்களைத் திறக்க ஒப்புக்கொண்டன. அரசாங்கங்கள் கைகுலுக்க முடியும். ஆனால் 2021 முடிவு வரை இந்தப் போரால் இறந்தவர்கள் 3,77,000 பேர் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் சுமார் 60 சதவீதம் பேர் குண்டடிபட்டுச் சாகவில்லை; பசியாலும் நோயாலும் இறந்தவர்கள். நம் நர்சுகளுக்குக் கப்பல் வந்தது. அவர்களுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை.