25 வரிகளில் ஒரு சூத்திரம்

1539 மார்ச் 25. மிலான் நகரில் ஜெரோலாமோ கார்தானோ என்ற மருத்துவரின் வீட்டில் வெனிஸிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் விருந்தாளி. பெயர் நிக்கோலோ தார்தாலியா. தார்தாலியா என்றால் திக்குவாயர். 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷியாவைச் சூறையாடியபோது சிறுவனான அவர் முகத்தில் வாள்வெட்டு விழுந்தது. பிறகு பேச்சு சீராகவில்லை. ஊர் வைத்த பட்டப்பெயரையே தன் புத்தகங்களிலும் போட்டுக்கொண்டார்.

அந்த வாத்தியாரிடம் ஒரு ரகசியம் இருந்தது: முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழி. அக்காலத்தில் கணக்கர்கள் பொதுவில் போட்டியிட்டே பெயரும் பிழைப்பும் தேடினார்கள். தெரிந்ததை வெளியிட்டால் முதல் போய்விடும். 1535இல் ஃபியோர் என்பவர் தார்தாலியாவை வம்புக்கிழுத்து 30 கணக்குகள் கொடுத்தார். எல்லாமே முப்படி. ஃபியோரின் ஆசான் ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ இறக்குமுன் அவருக்குச் சொல்லிப்போன வித்தை அது. தார்தாலியா அதைத் தானே கண்டுபிடித்து, 30ஐயும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டார்.

கார்தானோ விடாமல் கேட்டார். கடைசியில் தார்தாலியா கொடுத்தது 25 வரிக் கவிதை. மறந்துவிடாமலிருக்கப் பாட்டாக்கி வைத்திருந்தாராம். நமக்கு இது அந்நியமல்ல. காரிநாயனாரின் கணக்கதிகாரமும் பாட்டில்தான் கணக்குச் சொல்கிறது. நம் எதுகை அடியின் தொடக்கத்தில் நிற்கும். இத்தாலியர்களுக்கு ஓசை அடியின் கடைசியில். தாந்தே கையாண்ட மும்மூன்று வரிக் கோவையில், பின்னிப் பின்னிப் போகும் இயைபு.

பாட்டின் முதல் பகுதி சொல்வது இது. ஒரு எண்ணின் கனமும் அந்த எண்ணின் 6 மடங்கும் சேர்ந்து 20 என்று வைப்போம். வித்தியாசம் 20 வரும்படி இரண்டு எண்களைத் தேடு. அவற்றின் பெருக்கல், 6இல் மூன்றிலொன்றின் கனமாக, அதாவது 8ஆக, இருக்கவேண்டும். அவற்றின் கனமூலங்களைக் கழித்தால் விடை 2. சரிபாருங்கள்: 8, 12, கூட்டினால் 20.

கார்தானோ இங்கேதான் இடறினார். 'மூன்றிலொன்றின் கனம்' என்பதை 'கனத்தின் மூன்றிலொன்று' என்று படித்துவிட்டார். 8 வரவேண்டிய இடத்தில் 72. கணக்கு வரவில்லை என்று கடிதம் போட, தார்தாலியா ஏப்ரலில் விளக்கி எழுதினார். அடைப்புக்குறி இடம் மாறியதால் தவறாக ஓடிய நிரல்களைத் தேடி இரவு விழித்தவன் என்ற முறையில் எனக்குக் கார்தானோ மேல் இரக்கம்தான். பாட்டில் அடைப்புக்குறி கிடையாது. இதையே வெண்பாவாக்கலாமென்று நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தளை தட்டாமல் சொன்னால் பொருள் இரண்டாகிறது. பொருளைக் கட்டினால் தளை போய்விடுகிறது. மூன்றாம் அடியோடு நிறுத்திவிட்டேன்.

பாட்டின் முடிவில் கண்டுபிடித்த ஆண்டும் ஊரும் இருக்கின்றன: 1534, வெனிஸ். போட்டி நடந்தது 1535 பிப்ரவரியில்தானே என்று கேட்கலாம். வெனிஸ்காரர்களுக்கு அப்போது புத்தாண்டு மார்ச்சில். கவிதைக்குள் தேதியைத் தைத்தவருக்கு, ஒருநாள் வழக்கு வரும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும்.

வந்தது. 1543இல் கார்தானோவும் சீடர் ஃபெர்ராரியும் பொலோன்யா சென்று தெல் ஃபெர்ரோவின் குறிப்புகளைப் பார்த்தார்கள். முதலில் கண்டவர் அவர்தான் என்றான பின் வாக்குறுதி எதற்கு? 1545இல் 'ஆர்ஸ் மாக்னா' வெளியானது. இருவர் பெயரையும் கார்தானோ அதில் சொல்லியிருக்கிறார்; திருடர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் கேட்டு வாங்கியது தார்தாலியாவிடம்தானே?

மறு ஆண்டே தார்தாலியா கவிதையையும் பேச்சுவார்த்தையையும் அச்சிட்டு, கார்தானோ நற்செய்தி நூல் மேல் சத்தியம் செய்ததாக எழுதினார். நானும் அந்த வீட்டில் இருந்தேன், சத்தியமே நடக்கவில்லை என்றார் ஃபெர்ராரி. 1548 ஆகஸ்ட் 10 அன்று மிலானில் இருவரும் மக்கள் முன்னிலையில் வாதாடினார்கள். கார்தானோ வரவில்லை. கூட்டம் ஃபெர்ராரியின் ஊர்க்கூட்டம். முதல் நாளோடு தார்தாலியா ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்.