விளிம்பில் எழுதிய விண்ணப்பம்

நாணயமொன்றின் விளிம்பை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், ஆங்கில நாணய வரலாற்றில் ‘விண்ணப்பக் கிறவுண்’ எனப்படும் 1663 ஆம் ஆண்டு மாதிரி நாணயத்தை ஆராயப் புகுவோர் விளிம்பிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஐந்து சிலிங் பெறுமதிக்கென வெட்டப்பட்ட அவ்வெள்ளி நாணயம் ஒருபோதும் புழக்கத்துக்கு வந்ததில்லை.

அதனைச் செதுக்கியவர் தோமஸ் சைமன். 1649 இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிரச்சேதஞ் செய்யப்பட்டபின் அமைந்த குடியரசுக்கு 1651 இல் பெருமுத்திரை செதுக்கியவரும், குரொம்வெல்லை உரோமப் பேரரசன்போல வாகைமாலையுடன் நாணயத்தில் வடித்தவரும் இவரே. 1660 இல் இரண்டாம் சார்ள்ஸ் அரியணை ஏறினான். சைமன் தண்டிக்கப்படவில்லை, முடிசூட்டு விழாப் பதக்கத்தைச் செய்யும் பணியும் அவருக்கே கிடைத்தது. எனவே, அவரது வீழ்ச்சிக்குப் பழைய அரசியற் சார்பு ஒன்றே காரணமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

சம்மட்டியால் அடித்து நாணயம் செய்யும் பழைய முறை 1662 இல் கைவிடப்பட்டு, இயந்திர முறை நிலைபெற்றது. புதிய நாணயங்களுக்கு அச்சுச் செதுக்குவதில் சைமனுக்குப் போட்டியாக அன்ற்வேர்ப் நகரத்து றோட்டியர் சகோதரர்கள் வந்தனர். மன்னன் நாடிழந்து திரிந்த காலத்தில் அக்குடும்பத்தார் பொருளுதவி செய்தனர் என்று கூறுவர். இரு தரப்பாரும் இணைந்து பணியாற்ற மறுத்தனர். மன்னன் றோட்டியரின் அச்சையே தெரிந்தெடுத்தான்.

அதன் பின்னரே சைமன் தம் மாதிரியைச் செய்தார். ஓரத்தைக் கத்தரித்து வெள்ளி திருடுவோரைத் தடுக்கவே அக்காலத்தில் விளிம்பில் எழுத்துப் பொறித்தனர். காவலுக்கென அமைந்த அவ்விடத்தில் அவர் தம் முறைப்பாட்டை இரு வரிகளாகப் பொறித்தார். தமது மாதிரியை ‘ஒல்லாந்தரின்’ வேலையுடன் மன்னர் ஒப்பிட்டருள வேண்டும் என்பதும், தமது உருவமும் அமைப்பும் செதுக்கலும் மேம்பட்டனவாயின் தமக்கு ஆதரவளிக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். அன்ற்வேர்ப் ஒல்லாந்தில் இல்லை. இருப்பினும் போட்டியாளரை அவர் அவ்வாறே குறித்தார். ஒரு நாணயத்தின் தடிப்பினுள் இவ்வளவு எழுத்துக்களைப் பிசகின்றிப் பொறித்த திறனே அவ்வழக்கின் வலிய சான்று என்பது எமது கருத்து.

மன்னன் தன் தீர்மானத்தை மாற்றவில்லை. புழக்கத்துக்குரிய அச்சுகளை றோட்டியர் குடும்பத்தினரே தொடர்ந்து செதுக்கினர். 1665 இல், இலண்டனிற் கொள்ளைநோய் பரவிய ஆண்டில், சைமன் காலமானார். அவர் செய்த மாதிரிகளுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.