அரைவேக்காட்டுக் கல்

கடாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் புத்தகுப்தன் கல்வெட்டை விட்டுவைப்பதில்லை. 1834-ஆம் ஆண்டில் கேப்டன் ஜேம்ஸ் லோ என்பார் பினாங்கின் எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் கண்டது அது. கடற்பயணம் இனிதே நிறைவேற வேண்டி ஐந்தாம் நூற்றாண்டையொட்டி ஒரு மாநாவிகன் பெயரால் பொறித்த வடமொழி வாசகம். கொல்கத்தாவின் இந்தியக் காட்சிசாலையில் உள்ளது. அதன் எழுத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. எழுத்தைத் தாங்கிய கல்லையும் சற்றே பார்ப்போம்.

அது சிலேட்டு இனத்துப் பலகைக்கல். கடலடியில் படிந்த களிமண் இறுகிச் சேற்றுப்பாறையாகிறது. பிறகு மேலே பாரம் ஏறி, பக்கத்திலிருந்து நிலம் நெருக்கி, வெப்பமும் 200 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தால், களிமண் துகள்கள் நுண்ணிய அபிரகத் தகடுகளாக மாறி, நெருக்குதலுக்குக் குறுக்கே ஒரே முகமாய்ப் படுத்துக்கொள்கின்றன. அக்கல் ஏடு ஏடாகப் பிளப்பது இதனால்தான். வெப்பம் இன்னும் ஏறினால் பளபளப்பான பிலைட்டு. அதற்கும் மேல் சிஸ்ட்டு. சிலேட்டோ சூளையின் ஓரத்தில் பாதி வெந்த செங்கலைப் போன்றது. அரைவேக்காடு என்று மனிதரை ஏசுகிறோம். கல்லுக்கு அது நற்பேறு.

எப்படி என்பதைத் தீபகற்பத்தின் நடுவே காணலாம். தாய்லாந்து எல்லையிலிருந்து ரவுப், பெந்தோங் வழியாக மலாக்காவை நோக்கி ஒரு பாறைப் பட்டை ஓடுகிறது. சிஸ்ட்டு, பிலைட்டு, செர்பெண்டினைட்டு, நாடா நாடாகப் படிந்த செர்ட்டு என்னும் சிக்கிமுக்கி இனக் கல் எல்லாம் அங்கே கலந்து கிடக்கின்றன. 1903-இல் மலாய் நாட்டு அரசாங்க நிலநூலாராக வந்த ஸ்கிரிவனர் இந்நாட்டுப் பாறைகளை ஆராய்ந்து 1931-இல் பெருநூல் வெளியிட்டார். ஆயினும் நிலத்தட்டுகள் நகர்ந்து கடல்கள் மூடும் என்ற கொள்கை அன்று உருப்பெறவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஹட்சிசன் 1970-களில் இப்பட்டையை மறைந்த கடல் ஒன்றின் தையல் என்று எடுத்துக்காட்டினார்.

அக்கடலின் பெயர் பழந்தெதிஸ். அதன் தரை கிழக்கு நிலத்தின் அடியில் சரிந்து புகுந்தபோது, சேற்றுவயலில் இழுக்கும் மண்வெட்டியின் முன் சேறு குவிவதுபோல், மேற்படிவுகள் சுரண்டப்பட்டுக் குவிந்தன. நெருங்கி, மடிந்து, அளவாக வெந்தன. செர்ட்டுக்குள் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் கண்ணாடி ஓடுகள் அழியாமல் தங்கின. அமிலத்தில் கல்லைக் கரைத்து அவற்றைப் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 37 கோடி ஆண்டிலிருந்து 25 கோடி ஆண்டு வரை பழைமையுடையவை என்று கணித்தனர். அயன் மெட்கால்ஃப் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இச்சான்றுகளைத் தொகுத்துத் தருகிறது. கல் இன்னும் நன்றாக வெந்திருந்தால் ஓடுகள் உருத்தெரியாமல் போயிருக்கும். இங்கே ஒரு கடல் பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் நிலவியது என்று சொல்ல நமக்குச் சான்றே இராது.

நம் பினாங்குத் தீவு இதற்கு நேர்மாறு. கடல் மூடி இரு நிலங்களும் மோதியதில் நிலத்தின் அடிப்பகுதி உருகி, ஆழத்திலேயே மெல்ல ஆறிக் கருங்கல்லாயிற்று. கொடிமலை அத்தகையது. புக்கிட் மெர்தாஜம் செரோக் தொக்குனில் 1845-இல் அதே லோ கண்ட எழுத்துகளும் கருங்கற் பாறையிலேதான் உள்ளன. வெயிலிலும் மழையிலும் மிகவும் மங்கிவிட்டன. முழுதும் உருகிய கல்லில் கடலுயிரின் ஓடு எதுவும் மிஞ்சாது. பழந்தெதிசைத் தேடுவோர் தீவை விட்டு, பெந்தோங் சாலையோரத்து வெட்டுப்பாறைகளுக்குத்தான் போகவேண்டும்.