மலைக்கு ஏற்ற துப்பாக்கி



பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்த ஒக்கலிபுரத்தில் மாலை வேளையில் எந்தத் தெருமுனையில் நின்றாலும் தமிழ்ப் பேச்சு காதில் விழும். அங்கு வாழும் தமிழர்களில் பலருக்குப் பூர்விகம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வட ஆர்க்காடு ஆகிய பக்கங்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் செல்லும்போது, ஒசூரைக் கடந்ததும் வானத்தின் விளிம்பில் நீலமாகத் தோன்றும் மலைத்தொடரை அவர்கள் பார்த்திருப்பார்கள். இன்று நான் பேசப்போவது அம்மலைகளைப் போன்ற இடங்களுக்கு வேட்டையாடச் சென்றவர்கள் எந்தத் துப்பாக்கியைச் சுமந்தார்கள், அதில் எந்தத் தோட்டாவை இட்டார்கள் என்பதைப் பற்றி.

வேட்டையே சட்டத்தால் விலக்கப்பட்ட காலத்தில் இப்பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் துப்பாக்கியைத் தவறாகத் தேர்ந்த வேட்டைக்காரர் பெரும்பாலும் பத்திரமாக வீடு திரும்பிவிட்டார். அத்தவற்றின் விலையைக் கொடுத்தவர்கள் அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்களும், விறகு பொறுக்கச் சென்ற பெண்களும். நம்மில் சிலருடைய பாட்டன் பாட்டிமார்கள் அவர்களே என்பதால், இது நம் கதையுமாகும்.

முதலில் பழைய துப்பாக்கிகளை நோக்குவோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், துப்பாக்கிக் குழலின் அகலத்தை ஈய உருண்டையின் கணக்கால் அளந்தார்கள். ஒரு ராத்தல் ஈயத்தை நான்கு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை நுழையும் குழல் 4 போர். எட்டாக வார்த்தால் 8 போர். எண் குறையக் குறையக் குழல் பெருக்கும். மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றி, 1870களில் அங்கே யானைகளைக் கெட்டாவில் மடக்கிப் பிடிக்கும் முறையை நிலைநாட்டிய சாண்டர்சன், தம் அனுபவங்களை 1878இல் நூலாக வெளியிட்டார். யானைக்கும் காட்டெருமைக்கும் இத்தகைய பெருங்குழல்களையே அவர் நம்பினார். கரிமருந்தால் குண்டுக்குப் பெரும் வேகம் கொடுக்க இயலாது. வேகத்தில் குறைந்ததை எடையில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. கால் ராத்தல் ஈயத்தை உமிழும் கருவியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது எளிதா? துரை ஏறினார், துப்பாக்கியைப் பின்னால் வந்த கூலியாள் சுமந்தார். சுட்டவுடன் எழும் வெண்புகை கலையும்வரை விலங்கு விழுந்ததா, ஓடியதா, தம்மை நோக்கியே வருகிறதா என்று தெரியாமல் இருவரும் நின்றார்கள்.

கார்டைட் என்னும் புகையில்லா மருந்து 1890களில் வேட்டைக்கு வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. குழல் மெலிந்தது, குண்டு நீண்டது, வேகம் நொடிக்கு 2,000 அடியைத் தாண்டியது. அதுவரை யாரும் அதிகமாக எண்ணிப் பாராத ஒரு கேள்வியும் அப்போதுதான் கூர்மையடைந்தது: எந்த மலைக்கு எந்தத் தோட்டா?

மலை என்றால் ஒரே விதமானதன்று. உதகைக்கு மேற்கே உயர்ந்த மேடுகளை எண்ணுங்கள். புல்வெளி, இடையிடையே பள்ளங்களில் சோலை, விளிம்பில் செங்குத்தான பாறை. அங்கே தேடப்பட்டது வரையாடு. அதன் கண்ணுக்குத் தப்பி நெருங்குவது கடினம். இருநூறு கஜத்துக்கு அப்பாலிருந்தும் சுட வேண்டி வரும். இதற்கு வேண்டியது எடை குறைந்த துப்பாக்கியும், நெடுந்தூரம் தாழாமல் நேராகச் செல்லும் மெல்லிய குண்டும். 7 மில்லிமீட்டர் அளவுள்ள மௌசர் தோட்டா இவ்வகைக்கு நல்ல உதாரணம். குமாயூன் மலைகளில் ஜிம் கார்பெட் ஆசையோடு வைத்திருந்த .275 ரிக்பி துப்பாக்கி இந்தத் தோட்டாவுக்கே அமைந்தது.

சரிவில் சுடுவதில் ஒரு நுட்பம் உண்டு. குண்டைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு, கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்பவே தன் வேலையைக் காட்டுகிறது. 45 பாகைச் சரிவில் 200 கஜத்தில் ஒரு வரையாடு நின்றால், கிடைமட்டத் தூரம் ஏறக்குறைய 140 கஜமே. இதை அறியாதவர் 200 கஜத்துக்கு என்று குறியை உயர்த்திச் சுடுவார்; மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு முதுகுக்கு மேலே போய்விடும். சரியாகவே பட்டாலும் ஆடு பாறை விளிம்பிலிருந்து உருண்டு, யாரும் இறங்க முடியாத பள்ளத்தில் சிதைந்து கிடக்கும். எனவே ஆடு விழும் இடத்தையும் பார்த்துத்தான் விசையைத் தொட வேண்டும்.

இனி நம் பக்கத்து மலைகளுக்கு வருவோம். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் என்று காவிரிவரை இறங்கும் காடு வேறு வகை. மூங்கில், முட்புதர், வெப்பத்தில் பிளந்த பாறைகள், வறண்ட ஓடைகள். இங்கே இருநூறு கஜம் கண்ணுக்குத் தெரிவதே அபூர்வம். புலி தென்பட்டால் இருபது, முப்பது கஜத்தில் தென்படும், அதுவும் நொடிப்பொழுது.

இக்காடுகளைத் தம் எழுத்தால் உலகறியச் செய்தவர் பெங்களூர்வாசியான கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்தவர்; விமானத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தவர்; கன்னடமும் தமிழும் பேசியவர். மனிதரைத் தின்னும் விலங்குகளைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1954இல் வந்தது. அவர் கையில் எப்போதும் இருந்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1895ஆம் ஆண்டு மாதிரியான .405 ரைபிள். அதன் குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 2,200 அடி. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குச் சென்றபோது எடுத்துச் சென்றதும் இதே ரகம்.

பணக்கார வேட்டைக்காரர்கள் இரட்டைக் குழல் ஆங்கிலத் துப்பாக்கியையே மெச்சினார்கள். ஆனால் இரட்டைக் குழலில் இரண்டு வெடிகள்தாம்; .405இலோ விசைக்குக் கீழுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். எடைமிக்க குண்டாதலால் இலையும் சிறு கிளையும் அதை எளிதில் புரட்டிவிடா. முட்புதரிலிருந்து காயம்பட்ட சிறுத்தை பாய்ந்து வரும்போது இரண்டாவது வெடிக்குப் பின்னும் மூன்றாவது ஒன்று இருப்பது சிறிய ஆறுதலன்று. வரையாட்டின் மலைக்கு இதே துப்பாக்கியைக் கொண்டு போனால் பாதித் தூரத்துக்குப் பின் குண்டு தாழ்ந்துவிடும். ஒரு மலையின் நல்ல துப்பாக்கி மறு மலையில் வெறும் சுமை.

குண்டின் முனையும் முக்கியம். நுனியில் ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உடலுக்குள் காளான்போல் விரிந்து புலியை நிறுத்தும். அதே குண்டு யானையின் மண்டை எலும்பில் பட்டால் அப்பிக்கொண்டு நின்றுவிடும். யானைக்கு முழுதும் உலோகக் கவசமிட்ட குண்டு வேண்டும்.

தேர்வை மலை மட்டும் தீர்மானித்ததாக நினைக்க வேண்டாம்; சர்க்காரின் அச்சமும் தீர்மானித்தது. .450 அளவுத் தோட்டா மிகச் சிறந்ததென்று பெயர் பெற்றிருந்த காலத்தில், 1907ஐ ஒட்டி, இந்தியாவில் அதற்குத் தடை விதித்தார்கள். அந்தக் குண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கும் பயன்பட்டுக் கலகக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற பயமே காரணம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று இலக்கத்தைச் சற்றே மாற்றி அதே வேலைக்குப் புதிய தோட்டாக்கள் செய்து விற்றன. சட்டம் ஒரு நூலிழை நகர்ந்தது. வியாபாரமும் கூடவே நகர்ந்தது.

இத்தனை தேர்வுகளும் யாருக்கு? 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியக் குடியானவன் உரிமம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. பக்கத்திலுள்ள குடகு நாட்டாருக்கும் தனி விலக்கு கிடைத்திருந்தது. நம் மலையடிவாரத்து உழவனுக்குக் கிடைத்தது மருந்தை வாய்வழியே கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. ராகிக் கொல்லையில் பரண்மேல் விழித்திருந்து, பன்றியை விரட்ட ஈயத் துண்டும் ஆணியும் போட்டுச் சுட்டான். இருட்டில் வந்தது பன்றிதானா, பன்றியைத் தேடி வந்த புலியா என்று அவனுக்குத் தெரியாது. அந்தச் சூடு கொல்லாது. தோளையோ தாடையையோ ஊனமாக்கும். மானைத் துரத்த முடியாத புலி மாட்டுக்கு வரும். பிறகு மாட்டுக்காரனுக்கு வரும்.

ஆண்டர்சன் இதைத் தம் நூல்களில் அடிக்கடி சொல்கிறார். ஆனால் பழியை நாட்டுத் துப்பாக்கியின்மேல் மட்டும் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல ரைபிள் வைத்திருந்தவர்களும் தூரத்தில் அவசரமாகச் சுட்டுவிட்டு, காயம்பட்டதைத் தொடர அஞ்சி ஊருக்குத் திரும்பியதுண்டு. கார்பெட் 1907இல் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்புறக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம் என்று அவர் எழுதுகிறார். சுட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எல்லாம் துப்பாக்கியால் வந்த வினையுமன்று. தளிக்கு அருகே கும்மளாபுரத்தில் 42 பேரைக் கொன்ற சிறுத்தையின் பாதத்தில் முள்ளம்பன்றியின் முட்கள் முறிந்து புதைந்திருந்ததை ஆண்டர்சன் கண்டார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1974இல் ஆண்டர்சன் மறைந்தார். அதற்கு முன்பே சில வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டிருந்தார்கள். நீலகிரியில் வேட்டையாடியவரான ஈ. ஆர். சி. டேவிதார், அம்மலை வரையாடுகளை எண்ணி 1963இல் கணக்கை வெளியிட்டார். அதே ஓடைகள், அதே விளிம்புகள், அதே பதுங்கல். கையில் மட்டும் துப்பாக்கி இல்லை. 2024இல் தமிழகம் முழுவதும் எண்ணியபோது 1,031 வரையாடுகள் இருந்தன. ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாயின.

இன்று அக்காடுகளின் ஓரம் அதிகாரிகள் தூக்கும் துப்பாக்கி, மயக்க ஊசி எய்வது. அதிலும் தேர்வு உண்டு. யானையின் எடையை மதிப்பிட்டு மருந்தின் அளவைக் குறிக்க வேண்டும். ராகி முற்றும் பருவத்தில் யானைகள் இன்னும் கொல்லைகளுக்கு வருகின்றன. உழவர் பட்டாசும் தீப்பந்தமுமாக இரவெல்லாம் நிற்கிறார்கள். ஒக்கலிபுரத்து நேயர்கள் அடுத்த முறை சேலம் வண்டியில் ஊருக்குப் போகும்போது, ராயக்கோட்டைக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையே வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். மேற்கே எழும் மலைகளுக்கு அப்பால்தான் அந்தக் கொல்லைகள்.