ஒட்டுத்துணிப் போர்வைக் கலை

ஒட்டுத்துணிப் போர்வைக் கலை என்பது, சிறு துணித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி ஒன்றை உருவாக்கி, அதன் கீழே பஞ்சு அல்லது பழந்துணி அடுக்கையும் அடித்துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வை, விரிப்பு, சுவர்த் தொங்கல் முதலியவற்றை ஆக்கும் கைவினை ஆகும். இவ்வாறு ஆக்கப்படும் போர்வை ஆங்கிலத்தில் கில்ட் எனப்படுகின்றது. தேய்ந்த துணியை வீணாக்காத வீட்டுச் சிக்கனமாகத் தொடங்கிய இவ்வேலை, இன்று உலகின் பல நாடுகளில் படைப்பாற்றல் மிக்க பொழுதுபோக்காகவும், அருங்காட்சியகங்களில் இடம்பெறும் கலையாகவும் விளங்குகின்றது.

பெயர்

கில்ட் என்னும் சொல், திணிக்கப்பட்ட மெத்தை எனப் பொருள்படும் குல்கிட்டா என்ற இலத்தீன் சொல்லில் இருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இந்திய மொழிகளில் இதற்குப் பல பெயர்கள் உள்ளன. வங்காளத்தில் கந்தா, கன்னடத்தில் கவுதி, தெலுங்கில் பொந்த, மராத்தியில் கோதடி, சிந்தியில் ரல்லி, இந்தியில் ரசாய் என்பன அவற்றுட் சில. தமிழில் கிழிந்த துணியையும் ஒட்டுப்போட்ட ஆடையையும் குறிக்கும் கந்தை என்ற சொல்லும், வங்காளக் கந்தாவும் ஒரே சமசுக்கிருத வேர்ச்சொல்லில் இருந்து வந்தவை. ஓரிடத்தில் வறுமையின் அடையாளமாக நின்றுவிட்ட சொல், மற்றோரிடத்தில் புகழ்பெற்ற கலையொன்றின் பெயராகியுள்ளது.

இத்துறையில் மூன்று வேலைகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு.

ஒட்டுத்துணி வேலை: துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து ஒரே துணியாக்குதல்.
மேலொட்டு வேலை: ஒரு பெரிய துணியின் மேல் வேறு துணியில் வெட்டிய உருவங்களை வைத்துத் தைத்தல். இது அப்ளிக் எனவும் அழைக்கப்படும்.
அடுக்குத் தையல்: மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவித் தைத்தல். கில்ட்டிங் எனப்படுவது இதுவே.

முதலிரண்டு வேலைகளும் இன்றிக்கூட, ஒரே முழுத்துணியை மேலே வைத்து அடுக்குத் தையல் மட்டும் இட்டு ஒரு போர்வையை ஆக்க முடியும்.

வரலாறு

எகிப்தின் முதல் அரசமரபைச் சேர்ந்த அரசன் ஒருவனின் சிறிய தந்தச் சிலை, அடுக்குத் தையல் போன்ற கோலமுடைய மேலாடையுடன் காணப்படுகின்றது. 1903 ஆம் ஆண்டில் அபைடொசு என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட இச்சிலை, இக்கலையின் மிகப் பழைய தடயமாகப் பலராலும் சுட்டப்படுகின்றது. மங்கோலியாவின் நோயின் உலா புதைமேடுகளில் 1924 இல் கிடைத்த கம்பளம் சுமார் 2000 ஆண்டுகள் பழமையானது. அதில் மேலொட்டு உருவங்களும் அடுக்குத் தையலும் உள்ளன. ஐரோப்பாவில் எஞ்சியுள்ளவற்றுள் 14 ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைக்கப்பட்ட திரிசுத்தான் போர்வை குறிப்பிடத்தக்கது. இதன் பகுதிகள் இலண்டனிலும் புளோரன்சிலும் உள்ள அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன.

பௌத்தத் துறவிகளின் சீவர ஆடையும் ஒட்டுத்துணி வேலையே ஆகும். மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட புத்தர், அதே அமைப்பில் ஆடையைத் தைக்குமாறு கூற, ஆனந்தர் அதனை வடிவமைத்தார் என விநய நூல் கூறுகின்றது.

சோழமண்டலக் கரையின் பங்கு

மேலைநாட்டுப் போர்வைக் கலையின் வளர்ச்சியில் சோழமண்டலக் கரைக்கு முக்கிய பங்கு உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணி, பொன்னேரி ஆகிய ஊர்களை ஒட்டிப் பாயும் ஆரணி ஆறு, பழவேற்காட்டுப் பகுதியில் கடலை அடைகின்றது. இப்பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613 இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய துணி வணிகத்தின் தலைமையிடமாக இவ்வூரே இருந்தது. கட்டம்போட்ட வண்ணக் கைக்குட்டைத் துணி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் புலிக்காட் என்ற பெயர் வழங்கியது. இது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபு ஆகும்.

இக்கரையில் இருந்து ஏற்றுமதியான வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் சின்ட்சு எனப்பட்டன. கட்டில் விரிப்பாகப் பயன்பட்ட பெரிய துணிகளுக்குப் பலம்போர் என்று பெயர். வேரும் கிளையும் விரிந்த மரமும் பூக்களும் தீட்டப்பட்ட இவற்றை, ஐரோப்பியர் போர்வைகளின் மேல்துணியாகவும் பயன்படுத்தினர். துவைத்தாலும் சாயம் போகாமை இவற்றின் சிறப்பு.

இத்துணிகள் உள்நாட்டு நெசவைப் பாதித்ததால், பிரான்சு 1686 இலும் இங்கிலாந்து 1701 இலும் இவற்றுக்குத் தடை விதித்தன. 1721 இல் இங்கிலாந்து இத்தடையை மேலும் கடுமையாக்கியது. கிடைப்பதற்கு அரிய துணி என்பதால் சிறு துண்டும் பேணப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளுள் ஒன்றாகிய லெவன்சு மாளிகைப் போர்வை, 1708 அளவில் இந்தியச் சின்ட்சுத் துண்டுகளைக் கொண்டு தைக்கப்பட்டதே. பூக்களையும் பறவைகளையும் சின்ட்சுத் துணியில் இருந்து தனித்தனியே வெட்டி, வெள்ளைத் துணியின் மேல் ஒட்டித் தைக்கும் முறையொன்றும் பரவியது. பாரசீகப் பூவேலை எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரே இம்முறைக்கு இன்றும் வழங்குகின்றது. இதற்குப் பயன்பட்ட துணிகளைத் தீட்டிய இந்தியக் கைவினைஞரின் நாடும் ஊரும் அப்பெயரில் இடம்பெறவில்லை.

இந்தியாவில்

வங்காளக் கந்தா, பழைய சேலைகளை அடுக்கி நேர் ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யப்படுவது. வண்ண நூலையும் சேலைக் கரைகளில் இருந்தே உருவி எடுப்பது மரபு. உருவங்கள் நிறைந்த நக்சி கந்தா, மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் சிறப்புற்று விளங்குகின்றது.

கருநாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் ஆவர். இவர்களுடைய போர்வை கவந்தி எனப்படும். விளிம்பில் தொடங்கி, நடுப்பகுதியை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே செல்வது இவர்களின் முறை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் பூவாக வைத்து முடிப்பர். பூ வைக்காத போர்வை முற்றுப்பெறாத ஒன்றாகவே கருதப்படும். பீகாரின் சுசனி, குசராத் மற்றும் இராசசுத்தானின் ரல்லி, மென்மைக்குப் பெயர்பெற்ற செய்ப்பூர் ரசாய் ஆகியனவும் குறிப்பிடத்தக்கவை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் வெப்பமான காலநிலையில் பஞ்சு திணித்த கனத்த போர்வைகளுக்குத் தேவை குறைவு. எனினும் நைந்த நூல்சேலைகளை இரண்டு மூன்றாக மடித்து ஓட்டுத் தையலிட்டுப் பிள்ளைகளுக்கு விரிப்பாக்குவது வீடுகளில் இருந்துவரும் வழக்கம். பலமுறை துவைத்த சேலை மென்மையாகி, ஈரத்தை எளிதில் உறிஞ்சும் என்பதே இதற்குக் காரணம்.

மேலொட்டு வேலை தஞ்சாவூர், திருவாரூர், கும்பகோணம் பகுதிகளில் கோயில் கலையாக வளர்ந்தது. தேர்களிலும் மண்டபங்களிலும் தொங்கவிடப்படும் உருளை வடிவான தொம்பைகள், விதானத் துணிகள், குடைகள் ஆகியவற்றில் யாளி, மயில், தாமரை முதலிய உருவங்கள் வண்ணத் துணிகளில் வெட்டி ஒட்டித் தைக்கப்படுகின்றன. தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பகுதியில் வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையலும் மீட்டெடுக்கப்பட்டு வருகின்றது.

சென்னையின் பெயரால் வழங்கும் மெட்ராசு கட்டம்போட்ட துணி, 1960களில் அமெரிக்காவில் பெரிதும் விரும்பப்பட்டது. பல கட்டத் துணிகளை வெட்டி இணைத்த ஒட்டு மெட்ராசு ஆடைகளும் அங்கே பரவின. அண்மைக் காலத்தில் நகரங்களில் இக்கலையைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் பெருகியுள்ளனர். 2019 இல் சென்னையில் இந்தியக் கில்ட் விழா நடைபெற்றது.

வடிவமைப்பு

வடிவமைப்பின் அடிப்படை அலகு கட்டம் ஆகும். ஒரே அளவுள்ள கட்டங்களைத் தனித்தனியே தைத்து, பின்னர் வரிசையாக இணைப்பது எளிய வழி. தொடக்கநிலையில் இருப்போருக்கு ஒன்பது துண்டுக் கட்டம் ஏற்றது. இதில் ஐந்து அடர்நிறச் சதுரங்களும் நான்கு வெளிர்நிறச் சதுரங்களும் மாறி மாறி அமையும். நிறத்தைவிட, அடர்வுக்கும் வெளிர்வுக்கும் இடையிலான வேறுபாடே கோலத்தை எடுத்துக்காட்டும். துணிகளைத் தரையில் பரப்பி, கண்களைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். புள்ளிக் கோலம் போடப் பழகியோர் சமச்சீர் வடிவங்களை எளிதில் அமைக்கலாம்.

அளவுக் கணக்கு: 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் கொண்ட குழந்தைப் போர்வைக்கு, 9 அங்குலக் கட்டங்கள் 20 தேவை. கட்டத்துக்கு 9 என மொத்தம் 180 சதுரங்கள். இவற்றுள் 100 அடர்நிறம், 80 வெளிர்நிறம். தைத்தபின் ஒவ்வொரு சதுரமும் 3 அங்குலம் இருக்க வேண்டுமாயின், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு 3.5 அங்குலமாக வெட்ட வேண்டும்.

இக்கால் அங்குலமே வேலையின் உயிர்நிலை ஆகும். ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்தால், இரு துண்டுகளிலுமாக எட்டில் ஒரு பங்கு குறையும். அகலத்தில் உள்ள 11 தையல்களில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் குறைந்து, மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும்.

செய்முறை

1. துணிகளைத் துவைத்துச் சுருக்கம் நீங்க இஸ்திரி போட வேண்டும். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் அத்துணியைத் தவிர்ப்பது நல்லது.
2. அட்டையில் வெட்டிய அளவுச் சதுரத்தைத் துணியின் பாவு நூலுக்கு இணையாக வைத்து வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டிய துணி இழுபட்டு வடிவம் மாறும்.
3. சதுரங்களை மூன்று மூன்றாக வரிசைகளாகத் தைத்து, வரிசைகளை இணைத்துக் கட்டமாக்க வேண்டும். அடுத்தடுத்த வரிசைகளின் தையல் ஓரங்களை எதிரெதிர்ப் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால் மூலைகள் சரியாகப் பொருந்தும்.
4. அடித்துணியைத் தரையில் இறுக்கமாக விரித்து, அதன்மேல் நடு அடுக்கையும் மேல்துணியையும் பரப்பிக் கச்சாத் தையல் போட வேண்டும். நடு அடுக்குக்குப் பழைய நூல்சேலையே நமது காலநிலைக்குப் போதுமானது.
5. அடுக்குத் தையலை நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிச் செய்தல் வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி சேர்ந்து புடைக்கும். பஞ்சு வைத்திருந்தால் தையல் வரிகளை நெருக்கமாக இட வேண்டும். இல்லையெனில் துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாகத் திரளும்.
6. இறுதியில் நீண்ட பட்டித் துணியால் நான்கு விளிம்புகளையும் மூடித் தைத்து, கச்சாத் தையலைப் பிரித்துவிட வேண்டும்.

தையற் கடைகளில் எஞ்சும் வெட்டுத்துணிகள் இதற்குப் போதுமானவை. பருத்தியையும் செயற்கை இழைத் துணியையும் ஒரே போர்வையில் கலந்தால், அவை வெவ்வேறு அளவில் சுருங்கித் தையலை இழுக்கும்.

சமூக முக்கியத்துவம்

நெடுங்காலம் வீட்டுவேலையாகவே கருதப்பட்ட இக்கலை, 1971 இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய அமெரிக்கப் போர்வைகள் கண்காட்சியால் புதிய கவனம் பெற்றது. அலபாமா மாநிலத்தின் கீசு பென்ட் என்னும் ஊரின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள், வேலைக்குச் சென்று தேய்ந்த ஆடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002 இல் அதே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றை அஞ்சல்தலைகளாக வெளியிட்டது.

1987 இல் சான் பிரான்சிசுக்கோவில் தொடங்கப்பட்ட எய்ட்சு நினைவுப் போர்வை, இந்நோயால் இறந்தோரின் பெயர்களைத் தாங்கியது. ஒவ்வொரு பகுதியும் 6 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்டது. இது ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு ஆகும். அவ்வாண்டு அக்டோபரில் வாசிங்டனில் முதன்முறையாக விரிக்கப்பட்டபோது 1,920 பகுதிகள் இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 50,000 ஆகும்.

ஆயினும் பழைய போர்வைகளுட் பெரும்பாலானவற்றில் தைத்தவரின் பெயர் இல்லை. வீட்டில் தைக்கப்பட்டவை துவைத்துத் துவைத்து நைந்துபோவதால், எஞ்சியிருப்பவையும் சிலவே. ஆதலால் முடித்த போர்வையின் பின்புற மூலையில் ஒரு சிறு துணியைத் தைத்து, அதில் தைத்தவரின் பெயர், ஊர், ஆண்டு, எவருடைய சேலையில் இருந்து எடுத்த துணி என்ற விவரங்களை எழுதிவைப்பது இக்கலைஞர்களிடையே நல்வழக்கமாகக் கொள்ளப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

பூத்தையல்
கந்தா
தொம்பை
பழவேற்காடு
கைத்தறி